பதிலுக்கு விட்ட இடைவெளி

1. பச்சை டிக்

ஹெட்ஃபோனில் என் குரல் கேட்டது.

"உங்க வட்டாரத்துல உங்களுக்குப் பிடிச்ச இடம் எது? ஏன் பிடிக்கும்?"

அதன் பிறகு அமைதி. ஓர் ஆள் யோசித்துக்கொண்டிருந்தால் மூச்சு கேட்கும், நாற்காலி முனகும், பின்னால் மின்விசிறி ஓடும். இதில் அதெல்லாம் எதுவுமே இல்லை. மைக்குக்கு முன்னால் அறையே இல்லாதது போன்ற அமைதி. அது முடிந்ததும் என் குரல் திரும்ப வந்தது, நல்ல உற்சாகத்தோடு:

"நல்லா சொன்னீங்க. அடுத்த கேள்விக்குப் போவோமா?"

யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

புதிதாக வரும் தமிழாசிரியர்களுக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். புக்கிட் பாத்தோக்கில் ஓர் அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் வீட்டிலிருந்தே படிக்கும் நாள்கள் உண்டு. எச்.பி.எல். என்போம். அந்த நாள்களில் வாய்மொழிப் பயிற்சிக்காக நான் கேள்விகளைப் பதிவுசெய்து கற்றல் தளத்தில் ஏற்றிவிடுவேன். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் பதிலுக்கு ஓர் இடைவெளி விடுவேன். மாணவர் அந்த இடைவெளியில் பேச வேண்டும். என் கேள்வியும் அவர்கள் பதிலும் ஒரே கோப்பாகச் சேர்ந்து திரும்பி வரும். கோப்பு வந்துவிட்டால் பெயருக்கு நேராக ஒரு பச்சை டிக் விழும்.

"நல்லா சொன்னீங்க" என்பது எங்கள் துறைத் தலைவர் திருமதி கலைவாணியின் யோசனை. "பிள்ளைங்க தனியா உட்கார்ந்து ஸ்கிரீன்கிட்ட பேசுறாங்க, தினேஷ். நாலு நல்ல வார்த்தை காதுல விழணும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எல்லா இடைவெளிக்குப் பின்னாலும் ஒரு பாராட்டைச் சேர்த்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வகுப்பறை என்றால் என்னவென்று என்னைப் பார்த்துத்தான் தெரியும். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் பதிவுசெய்தபோது, "உங்களுக்குப் பிடிச்ச உணவு எது?" என்று கேட்டுவிட்டு இடைவெளிக்காகக் காத்திருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "உனக்குத் தெரியாதா? மீன் குழம்புதான்."

"அம்மா, ரெக்கார்டிங்."

"கேட்டா சொல்லக் கூடாதா?"

மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டியதாயிற்று. பின்னால் நடந்ததையெல்லாம் நினைத்தால், என் இடைவெளிகளுக்குக் கேட்கும்படியாகப் பதில் சொன்ன முதல் ஆள் அம்மாதான்.

2. மியூட்

அந்த வெற்றுக் கோப்பு உயர்நிலை மூன்றில் படிக்கும் ரெஹானாவுடையது. அவளுடைய பழைய கோப்புகளையும் திறந்தேன். வாரம் தவறாமல் அனுப்பியிருந்தாள். வரிசையாகப் பச்சை டிக். எல்லாவற்றிலும் அதே கதை: நான் கேட்கிறேன், யாருமில்லை, நான் பாராட்டுகிறேன், அடுத்ததைக் கேட்கிறேன். ஒரு கோப்பின் நடுவில் மட்டும் "ஸ்" என்று ஏதோ வந்து பாதியில் அறுந்தது. திரும்பத் திரும்ப அதைப் போட்டுக் கேட்டேன். ஒரு சொல்லின் வால் போலவும் இருந்தது, திரைச்சீலை உரசியது போலவும் இருந்தது. ஆசிரியர் அறையில் பட்டப்பகலில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போதே, நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

வகுப்பில் ரெஹானா பின்வரிசை. கேட்டால் தலையசைப்பாள், உதடு அசையும், எதுவும் காதில் விழாது. பக்கத்திலிருக்கும் ஃபைசல் எனக்கு மொழிபெயர்ப்பான். ஒருமுறை, "சார், ரெஹானா மியூட்ல இருக்கா. அன்மியூட் பண்ணச் சொல்லுங்க" என்றான். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள், அதுவும் சத்தமில்லாமல்.

திருமதி கலைவாணியிடம் கோப்புகளைக் கொண்டுபோனேன். அவர் ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோனை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு காதிலும் வைத்துக் கேட்டார்.

"என்ன இது, தினேஷ். நீங்களே கேக்குறீங்க, நீங்களே மெச்சிக்குறீங்க."

"அவ பிளே பண்ணிட்டு எழுந்து போயிடறாளோ என்னவோ, மேடம்."

"போனாலும் வீட்டுச் சத்தம் வரணுமே." அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது இந்தத் தவணை மார்க்ல சேருது. பேசலைன்னா ஸீரோதான் போடணும். ஸீரோ போட்டா அவளை எளிய பாடத்திட்டத்துக்கு மாத்தச் சொல்லுவாங்க."

ரெஹானாவுக்கு அது சின்ன விஷயமல்ல. பாலர் பள்ளியில் தமிழாசிரியர் ஆவதற்கான டிப்ளோமா படிக்க வேண்டும் என்று வருடத் தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். எளிய பாடத்திட்டத்துக்குப் போனால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பேச்சே வராத பெண்ணுக்கு அப்படி ஓர் ஆசை ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

"மார்க் போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா, மேடம்?"

"தனியா போகாதீங்க. நானும் வரேன்."

அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். லிட்டில் இந்தியாவில், டெக்கா சந்தைக்குப் பக்கத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்ப்பவர். பின்னால் பாத்திரச் சத்தம், கூச்சல். அதையெல்லாம் மீறிக் கத்தினார்: "வாங்க சார், அவ இருப்பா. கதவை மட்டும் மெதுவாத் தட்டுங்க."

3. கதவுக்கு வெளியே

அடுத்த எச்.பி.எல். நாளில் முற்பகல் போனோம். வாடகை வீட்டு புளோக், அடுக்குமாடிக் கட்டடம். நீண்ட பொது நடைபாதை, பக்கம் பக்கமாகக் கதவுகள். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டு நடந்தபோது திருமதி கலைவாணி சட்டென்று நின்று என் கையைத் தொட்டார்.

"உங்க ஃபோன்ல ஏதும் ஓடுதா?"

"இல்லையே, மேடம்."

எனக்கும் கேட்டது. நடைபாதைப் பக்கமிருந்த ஒரு ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையிலிருந்து, தரை மட்டத்திலிருந்து வருவதுபோல், மிகச் சன்னமாக என் குரல்.

"நீங்க கடைசியா யாருக்கு உதவி செஞ்சீங்க? அதைப் பத்திச் சொல்லுங்க."

நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். உள்ளே மின்விசிறி ஓடும் ஓசை மட்டும். வேறெதுவும் இல்லை. பதிவில் எவ்வளவு நேரம் இடைவெளி விட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வெளியே நின்று கேட்கும்போது அது முடிவதாகவே இல்லை. யாராவது ஏதாவது சொல்லிவிட மாட்டார்களா என்றிருந்தது.

"நல்லா சொன்னீங்க" என்றது உள்ளே என் குரல்.

திருமதி கலைவாணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில், இதைப் பேசியது நான்தான் என்பதை ஒரு கணம் அவர் மறந்துவிட்டது போலிருந்தது.

விரல் நுனியால் தட்டினேன். கதவு திறந்தது. ரெஹானா உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரே அறை. கனமான திரைகள் போட்டிருந்ததால் காலை வெளிச்சம் உள்ளே வரவில்லை. தரையில் மெத்தை. அதில் ஓர் ஆள் கண்ணுக்குக் குறுக்கே துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். சுவர் ஓரம் செக்யூரிட்டி சீருடை மாட்டியிருந்தது. அறையின் மறுகோடியில், அடுப்பு மேடைக்குக் கீழே, தரையில் அவளுடைய மடிக்கணினி திறந்திருந்தது.

அவள் உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திருமதி கலைவாணி குனிந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

"அவங்க அத்தா தூங்குறாராம். நைட் ஷிஃப்ட்" என்றார். அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா.

கதவை ஒருக்களித்துவிட்டு நடைபாதைக்கு வந்தாள். இப்போது நானும் குனிந்தேன். வெறும் மூச்சுதான். ஆனால் சொற்கள் இருந்தன. தெளிவாக, வரிசையாக, திருத்தமாக இருந்தன.

"எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன் சார். ஒன்னு விடலை."

"நாங்க ஜன்னல் பக்கம்தாம்மா நின்னோம். ஒன்னும் கேக்கலையே."

"இப்படித்தான் சார் சொல்லுவேன்."

என் தொலைபேசியில் அவளுடைய கோப்பு ஒன்றைப் போட்டு இயர்ஃபோனை நீட்டினேன். கேட்டாள். என் கேள்விக்குத் தலையசைத்தாள். இடைவெளி வந்தபோது அவள் உதடு தானாக அசைந்தது, அன்றைக்குச் சொன்ன பதிலைக் கூடவே சொல்வதுபோல. பிறகு நின்றது. நெற்றி சுருங்கியது. இயர்ஃபோனை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"நான் எங்க சார்?" என்றாள்.

தொலைபேசியில் ஒலியை முழுவதும் கூட்டினேன்.

"அப்ப நான் பேசவே இல்லையா?"

4. சத்தம் நீக்கும் வசதி

அன்று மாலை வீட்டில் பள்ளி கொடுத்த என் மடிக்கணினியில் மாணவர்கள் பதிவுசெய்யும் அதே செயலியைத் திறந்து, என் பெயரையும் ஊரையும் மூச்சுக்குரலில் சொல்லிப் பதிவுசெய்தேன். போட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடியும், இன்னும் நிதானமாகச் சொன்னேன். ஒன்றும் இல்லை. பின்னால் அம்மா வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"யார்கிட்டடா பேசிக்கிட்டிருக்க?"

"நான் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

அம்மாவுக்குக் கேட்டது, கருவிக்குக் கேட்கவில்லை.

காரணம் எளியதுதான். முந்தைய வருடம் மாணவர் பதிவுகளில் மின்விசிறி, தொலைக்காட்சி, பக்கத்து வீட்டு டிரில்லிங் எல்லாம் கலந்து வருகிறது என்று நாங்கள்தான் புகார் செய்தோம். அதனால் பள்ளி கொடுத்த எல்லா மடிக்கணினிகளிலும் சத்தம் நீக்கும் வசதியைப் போட்டுவிட்டார்கள். அது மனிதக் குரல் எது, இரைச்சல் எது என்று பிரித்து, இரைச்சலைத் துடைத்துவிடும். தொண்டை அதிராமல் வெறும் காற்றாக வரும் பேச்சு அதற்கு மின்விசிறியைப் போலத்தான். ரெஹானாவின் பதில்களை ஒன்றுவிடாமல் இரைச்சல் என்று முடிவுகட்டி, சுத்தமாகத் துடைத்து, எனக்குப் பச்சை டிக் போட்டுக் கொடுத்திருக்கிறது.

"அப்ப அதை ஆஃப் பண்ணிடலாமே" என்றார் திருமதி கலைவாணி. செய்து பார்த்தோம். விசிறி இரைச்சலுக்கு அடியில் மழைக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல் ஏதோ வந்தது. அவரே தலையை ஆட்டினார். "எக்ஸாம்ல ரெண்டு எக்ஸாமினர் எதிர்ல உட்கார்ந்திருப்பாங்க. இவ அவங்க காதுக்குள்ள போயா பேசுவா? சத்தமா பேசினாத்தான் மார்க், தினேஷ். அடுத்த வாரத்துக்குள்ள ஒரு ரெக்கார்டிங் வரட்டும். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

பள்ளி முடிந்த பிறகு ரெஹானாவைக் காலி வகுப்பறையில் உட்காரவைத்தேன். கதவு திறந்தே இருந்தது. "இங்க யாரும் தூங்கலை. சும்மா சத்தமா உன் பேரைச் சொல்லு" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன் தலையைத் திருப்பி அறையின் பின்மூலையைப் பார்த்தாள். அங்கே அடுக்கிய நாற்காலிகள்தான் இருந்தன. மூச்சுதான் வந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். இன்னொரு தரமும் மூலையைப் பார்த்தாள்.

"அங்க யாரும் இல்லையேம்மா."

"தெரியும் சார்."

தெரிந்தும் பார்த்தாள். நானும் அவளோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்த மூலையில் கண்ணுக்குக் குறுக்கே துண்டு போட்ட ஓர் உருவம் கிடப்பதாக எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

அவள் பிறந்ததிலிருந்தே அத்தாவுக்கு இரவு வேலை. அந்த வீட்டில் பகல் என்றால் பேசக்கூடாத நேரம். யாரும் அதட்டி வளர்க்கவில்லை. அவர் தூக்கம் கலைந்தால் இரவில் நின்றபடி கண் அசந்துவிடுவார், வேலை போய்விடும் என்று அவளாகவே கற்றுக்கொண்டது. அவர் வேலை முடிந்து வரும்போது இவள் பள்ளியில் இருப்பாள், அவர் விழித்த பிறகோ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். சிறுவர்களுக்குச் சத்தம் போட்டுப் பாட்டுச் சொல்லித்தருகிற வேலைக்கு அவள் ஆசைப்பட்டது ஏனென்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ரெஹானாவின் அம்மாவிடம் நிலைமையைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வழக்கம்போல் கத்தினார். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா" என்றேன்.

"எங்க சார் மெதுவாப் பேசுறது? இங்க நின்னா கத்தித்தான் ஆகணும். இல்லாட்டி டீ கேட்டவனுக்குக் காப்பி போகும்."

ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

5. டெக்கா பக்கம்

"லிட்டில் இந்தியாவுலயா ரெக்கார்ட் பண்ணுறது? அதுவும் ஞாயித்துக்கிழமையா?" திருமதி கலைவாணி நம்பாமல் சிரித்தார். "என்ன லா தினேஷ். அங்க நமக்கே நம்ம குரல் கேக்காது."

"அதுக்குத்தான், மேடம். யாரும் தூங்க முடியாத இடம்."

சத்தம் நீக்கும் வசதியைத் திரும்பவும் போட்டுவிட்டேன். ரெஹானாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அம்மா கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் பதில் தன் காதில் விழும்வரை பேச வேண்டும். தலையசைத்தாள்.

திங்கள்கிழமை காலை கோப்பு வந்திருந்தது. பச்சை டிக். இனி அந்த டிக்கை நம்புவதில்லை என்று முடிவெடுத்திருந்ததால் உடனே ஹெட்ஃபோனை மாட்டினேன்.

"உங்க வட்டாரத்துல உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?" என்றேன் நான்.

பழைய அமைதி. அறையே இல்லாத அமைதி.

பிறகு ஒரு குரல்.

தடித்த, கொஞ்சம் கரகரத்த குரல். பெண் குரல்தான், ஆனால் ரெஹானாவின் வயசுக்குப் பொருந்தாதது. சிரமப்பட்டு, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் பேசியது. "எங்க புளோக்குல மொட்டை மாடிக்குப் போற படிக்கட்டு எனக்குப் பிடிக்கும். அங்க யாரும் வரமாட்டாங்க." ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பேருந்து ஹாரன், கடைக்காரர்களின் கூவல், பாத்திரங்கள், பூக்கடை, ஸ்பீக்கர் பாட்டு எல்லாவற்றையும் கருவி துடைத்துவிட்டிருந்தது. வாக்கியம் முடியும் இடங்களில் மட்டும் துண்டு துண்டாக ஏதோ எட்டிப் பார்த்தது. ஒரு மணியின் பாதி. யாரையோ கூப்பிட்ட பெயரின் முதல் எழுத்து. உடனே அறுந்துவிடும். அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவில் நின்றவள், எனக்கு மட்டும் ஆளே இல்லாத ஊரில் தனியாக நின்று கத்துவதுபோல் கேட்டாள்.

முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க முடியாமல் நடுவில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

திருமதி கலைவாணி கடைசிவரை கேட்டார். மதிப்பெண் போடவில்லை.

"நல்லா இருக்கு. ஆனா இது அவதானா?"

"அவதான் மேடம்."

"எப்படிச் சொல்றீங்க? இந்தக் குரலை நீங்க முன்னாடி கேட்டிருக்கீங்களா?"

இல்லை. வகுப்பில் யாரும் கேட்டதில்லை. ஃபைசலைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "யார் சார் இந்த ஆன்ட்டி?" என்றான்.

"வேற யாரோ பேசிக் கொடுத்ததுன்னு ஆயிட்டா ஸீரோவைவிட மோசம், தினேஷ்" என்றார் அவர். "நான் அவளைச் சந்தேகப்படலை. ஆனா கையெழுத்துப் போடுறது நான். பெற்றோர் யாராவது வந்து கேட்டுட்டு ஆமான்னு சொல்லட்டும்."

அம்மாவுக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. மறுநாள் காலை, வேலை முடிந்த கையோடு, அவளுடைய அத்தா வந்தார். அதே சீருடை. கண் சிவந்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பள்ளி அலுவலக அறைக்குள் வருவது அவருக்கு இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். என் அப்பாவும் இப்படித்தான் உட்காருவார். ரெஹானா சுவரை ஒட்டி நின்றாள்.

"ஏதும் தப்புப் பண்ணிட்டாளா, தம்பி?" அவரும் மெதுவாகத்தான் பேசினார்.

"இல்லைங்க. இதை மட்டும் கேளுங்க." ஸ்பீக்கரில் போட்டேன்.

அந்தக் குரல் அறையை நிறைத்தது. படிக்கட்டைப் பற்றிச் சொன்னது. அடுத்த கேள்விக்குப் போனது. கடைசியாக யாருக்கு உதவி செய்தாய் என்பதற்கு, "எங்க அத்தாவுக்கு" என்றது. "தினமும் உதவி செய்யுறேன். அவங்களுக்கே தெரியாது."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாக, வேறு வீட்டுப் பிள்ளை பேசுவதைக் கேட்பதுபோல. முடிந்ததும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"யார் சார் இது பேசுறது?"

திருமதி கலைவாணி பேனாவைக் கீழே வைத்தார். நான் ரெஹானாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அறையில் இடைவெளி ஒன்று விழுந்தது. என் பதிவுகளில் நான் விட்ட எந்த இடைவெளியையும்விட நீளமானது. நல்லவேளையாக, அதன் முடிவில் பாராட்டுவதற்கு நான் எதையும் பதிவுசெய்து வைத்திருக்கவில்லை.

அவள் சுவர்ப் பக்கம், மூலையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான்தான் அத்தா."

அதே குரல். தடித்து, கரகரத்து, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி. வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அத்தா எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை போலும். திரும்பவும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வீட்லயும் இப்படிப் பேசு" என்றார். "நான் முழிச்சா முழிச்சுக்கறேன். பரவாயில்லை."

திருமதி கலைவாணி பேனாவை எடுத்தார்.

6. இப்போது

ரெஹானா எங்கள் தமிழ் வகுப்பிலேயே இருக்கிறாள். உயர்நிலை நான்கு. சில நாள்களில் இன்னும் மூலையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாள், ஆனால் பேசுகிறாள். ஃபைசல் இப்போது, "வால்யூமைக் குறைங்க ஆன்ட்டி" என்கிறான். அவனுக்கு உரக்கவே பதில் கிடைக்கிறது.

நான் இணையப் பாடங்களை விடவில்லை. அவை இல்லையென்றால் இந்தப் பெண்ணின் அமைதி வகுப்பறைச் சத்தத்தில் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் என் பதிவுகளில் "நல்லா சொன்னீங்க" இப்போது கிடையாது. கேள்வி கேட்கிறேன், இடைவெளி விடுகிறேன், அடுத்த கேள்விக்குப் போகிறேன். பதிலைக் கேட்ட பிறகு பாராட்டை எழுதி அனுப்புகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: டிக்கைப் பார்க்காதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தை இரண்டு தடவை கேளுங்கள்.

பழைய வெற்றுக் கோப்புகளை நான் அழிக்கவில்லை. அவ்வப்போது ஒன்றைப் போட்டுக் கேட்பதுண்டு. அவள் அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து, தூங்குகிற மனிதரைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள் என்று இப்போது தெரியும். அந்தப் பதில்கள் எந்தக் கருவியாலும் இனி மீட்க முடியாதபடி போய்விட்டன. அப்போதெல்லாம் என்ன சொன்னாய் என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

"மறந்துட்டேன் சார்" என்றாள், பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்படி.